உப்புக்காற்றில் ஒரு மல்டிமீடியா லேப்டாப்: எதை மாற்றலாம், எதில் காசு போடக் கூடாது

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே கடலோரத்தில் எங்கள் வீடு. அங்கேயே ஓர் அறையில் வீடியோவும் ஆல்பமும் எடிட் செய்கிறேன். கல்யாணம், புதுநன்மை, கோயில் திருவிழா, சடங்கு வீடு எல்லாம் வரும். வேலை நடப்பது 2018-ல் வாங்கிய 15.6 அங்குல லேப்டாப்பில். உள்ளே இன்டெல் ஐ5-8250யூ பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி நினைவகத்தோடு என்விடியா எம்எக்ஸ்150 கிராபிக்ஸ், டிவிடி டிரைவ். அன்றைக்கு நடுத்தர விலையில் 'மல்டிமீடியா' என்ற பெயரில் விற்ற லேப்டாப்கள் பலவற்றிலும் இதே சாமான்கள்தான் இருந்தன. அதனால் கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். உங்களிடம் இருப்பது வேறு கம்பெனியாக இருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "யக்கா, எனக்க லேப்டாப்பு கெடந்து சுத்துது, ரேம் போட்டா செரியாவுமா?" ஆகலாம், ஆகாமலும் போகலாம். எந்த உறுப்பு நம்மைக் காக்க வைக்கிறது என்று பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. பார்ப்பதற்குச் செலவும் கிடையாது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை வைத்துக்கொண்டு, வழக்கமாக எந்த வேலையில் லேப்டாப் திணறுமோ அந்த வேலையையே செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேம். பிராசசர் 100 சதவீதம் காட்டி, அதன் வேகம் மட்டும் கீழே கீழே இறங்கினால் சூடு. இவை எதுவுமே முழுதாக ஓடாமல் வீடியோ மட்டும் வெட்டி வெட்டி வந்தால் பிரச்சினை ஃபைலின் வகையில் இருக்கிறது. அதற்குப் பார்ட்ஸ் மாற்றிப் பயனில்லை, பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. உங்கள் லேப்டாப் 6 அல்லது 7ஆம் தலைமுறை என்றால், அதில் பெரிய தொகை போடும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். என்னுடைய 8250யூ 8ஆம் தலைமுறை, 2017-ல் வந்தது. 15 வாட் வகையில் அதுவரை இரண்டு கோர் கொடுத்துவந்த ஐ5 வரிசையில், அதே 15 வாட்டில் நான்கு கோரும் எட்டு த்ரெட்டும் கொடுத்தது. இந்த லேப்டாப் இன்றும் சோறு போடுவதற்கு முதல் காரணம் அதுதான்.

திறக்கும் முன்

மாடல் எண் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும். அதை வைத்துக் கம்பெனியின் இணையதளத்தில் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கே, எம்.2 ஸ்லாட் (கார்டு வடிவ எஸ்எஸ்டி மாட்டும் இடம்) எந்த வகை, ரேம் எவ்வளவு ஏற்கும் என்று எல்லாம் அதில் படத்தோடு இருக்கும். ஒரே பெயரில் விற்ற லேப்டாப்பிலேயே மாடலுக்கு மாடல் மதர்போர்டு மாறும். ஆகவே பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

வாடிக்கையாளர் வேலைகள் அனைத்தையும் வெளி டிரைவில் எடுத்துவையுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பார்ட்ஸ் மாற்றியபின் அந்த எண்ணைக் கேட்டு லேப்டாப் நின்றுகொண்டால், அது இல்லாமல் டிஸ்க்கில் உள்ளதைப் படிக்கவே முடியாது.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். பிஎச்0 அளவு நட்சத்திரத் திருப்புளி ஒன்று, மூடியைக் கிளப்ப மெல்லிய பிளாஸ்டிக் ஒன்று போதும். நான் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவரிடம் வாங்கிய பிக்கை வைத்திருக்கிறேன். இரும்பு பிளேடைவிட அது நல்லது, விளிம்பில் கீறல் விழாது. வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அதே இடத்தில் செலோடேப் போட்டு ஒட்டுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் குழியில் முறுக்கினால் மேலே கீபோர்டுப் பக்கம் புடைத்துவிடும். ரப்பர் காலுக்கு அடியிலும், டிவிடி டிரைவை உருவியபின் தெரியும் குழியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், இன்னும் ஒன்று எங்கோ இருக்கிறது.

மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். இதற்குப் பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும்.

எஸ்எஸ்டி: இதில் தயங்கவே வேண்டாம்

பழைய ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. பெரிய ஃபைலை நேராகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பி அளவில் தரும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போதும், எடிட்டிங்கில் இரண்டு கேமரா காட்சியை மாற்றி மாற்றிப் பார்க்கும்போதும் அது ஆயிரம் இடங்களுக்குத் தாவ வேண்டும்; அங்கேதான் படுத்துவிடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு கிடையாது, எல்லாம் சிப். ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் தரும். அதைவிட வேகமான பிசிஐஇ 3.0 இணைப்பின் நான்கு லேனில் ஓடும் என்விஎம்இ வகை 3500 எம்பி வரை போகும். நேராகப் படிக்கும் வேகத்தைவிட, தாவுவதற்கு நேரமே எடுக்காததுதான் நமக்கு முக்கியம். அதனால் உங்கள் லேப்டாப்பில் சாட்டா மட்டுமே போட முடியும் என்றாலும் வருத்தப்படாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வரும்போது தெரியும் வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது அந்த அளவுக்குத் தெரியாது.

எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்பதால் மட்டும் என்விஎம்இ வாங்கிவிடக் கூடாது. சில லேப்டாப்களில் அந்த ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டும்தான் வேலை செய்யும். மேனுவலில் பார்த்து உறுதி செய்யுங்கள். நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். கார்டைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ மதர்போர்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, இல்லையென்றால் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான் எம்.2-வில் 500 ஜிபி என்விஎம்இ போட்டு, விண்டோஸ், சாஃப்ட்வேர், கையில் ஓடும் புராஜெக்ட் மூன்றையும் அதில் வைத்தேன். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி. கேமராவில் எடுத்ததெல்லாம் அதற்குள் போகிறது. டிவிடி டிரைவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உட்காரும் கேடி என்ற சட்டத்தில் இன்னொரு டிஸ்க் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேடியில் 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் வரும். அளந்துதான் வாங்க வேண்டும். எங்கள் பக்கம் வயதானவர்கள் இன்னும் "டிவிடி போட்டுத் தா மக்கா" என்று கேட்பதால் நான் டிரைவை அப்படியே வைத்திருக்கிறேன்.

எஸ்எஸ்டியில் விலை குறைந்ததைப் பார்த்துக் கை நீட்டும் முன், டிஎல்சியா (சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட்) க்யூஎல்சியா (நான்கு பிட்) என்று கேளுங்கள். க்யூஎல்சி வகையில் பெரிய ஃபைலைத் தொடர்ந்து எழுதும்போது முதல் சில பத்து ஜிபி பறக்கும்; பிறகு வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடக் கூடும். அலுவலக வேலைக்கு அது தெரியாது. நம் வேலைக்குத் தெரியும். 4கே காட்சியை நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 270 ஜிபி. அதை ஒரே மூச்சில் இறக்கும்போது டிரைவின் உண்மையான குணம் வெளியே வரும். ஆயுளைப் பற்றிப் பயம் வேண்டாம். 300 டிபி வரை எழுத உத்தரவாதம் தரும் 500 ஜிபி டிரைவ்கள் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு 100 ஜிபி எழுதினாலும் அது 3000 கல்யாணம். டிரைவை வாய்வரைக்கும் நிரப்பாமல், ஐந்தில் ஒரு பங்கு காலியாக வைத்திருங்கள்.

விண்டோஸைப் புதிதாகப் போடுவதையே நான் சொல்வேன். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் விண்டோஸ் லைசன்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும் இணையம் வந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். இதற்கென்று தனியாகக் காசு கேட்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

முன்பெல்லாம் ஆன் பண்ணிவிட்டு அடுக்களைக்குப் போய்க் கட்டன் சாயா போட்டுக் குடித்துவிட்டு வருவேன். இப்போது உட்காருவதற்குள் தயாராகிவிடுகிறது.

இதோடு சேர்த்து ஒரு யூஎஸ்பி 3.0 கார்டு ரீடரும் வாங்கிவிடுங்கள். இந்த விலை லேப்டாப்கள் பலவற்றில் கூடவே வரும் எஸ்டி கார்டு துளை உள்ளுக்குள் யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடுகிறது. நொடிக்கு 30 எம்பி அளவு. 64 ஜிபி கார்டை இறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நல்ல ரீடரில் 90 எம்பி வந்தால் பன்னிரண்டு நிமிடம். மொத்த மாற்றங்களிலும் செலவுக்கு மிஞ்சிய பலன் தந்தது இதுதான்.

ரேம்

டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி வரும். அதில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்தது, கழற்ற முடியாது. 'எஸ்ஓடிஐஎம்எம்' என்றால் ஸ்லாட்டில் மாட்டியது. சில லேப்டாப்பில் பாதி பற்றவைத்து, பாதி ஸ்லாட்டில் இருக்கும். என்னுடையது அப்படித்தான்: 4 ஜிபி நிலையானது, 4 ஜிபி ஸ்லாட்டில். ஸ்லாட்டில் இருந்ததை எடுத்துவிட்டு 16 ஜிபி போட்டேன், மொத்தம் 20.

"அளவு ஒண்ணுக்கொண்ணு சேரலையே யக்கா, ஓடுமா?" என்று கேட்பார்கள். ஓடும். இன்டெல் பிராசசரில் முதல் 4+4 ஜிபி இரட்டைச் சேனலிலும் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் படிப்பது) மீதி 12 ஜிபி ஒற்றைச் சேனலிலும் வேலை செய்யும். டிடிஆர்4-2400 ஒற்றைச் சேனலில் நொடிக்கு 19.2 ஜிபி, இரட்டையில் 38.4 ஜிபி. இரண்டு ஸ்லாட்டும் காலியாக இருக்கிறவர்கள் 16 ஜிபி ஒன்றை வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு வாங்குவது நல்லது. பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் இந்த ரேமையே பயன்படுத்துகிறது. இரட்டைச் சேனலின் பலன் அதற்குத்தான் அதிகம்.

எவ்வளவு வேண்டும் என்பதை வேலைதான் சொல்லும். ஆல்பம் ஷீட் 12-க்கு 36 அங்குலம், 300 டிபிஐ என்றால் 3600-க்கு 10800 பிக்சல். ஷீட் முழுக்க நிரம்பிய ஒரே ஒரு லேயர் ஏறக்குறைய 117 எம்பி. பின்னணி, பூ, பெண் மாப்பிள்ளை, எழுத்து என்று லேயர் ஏறஏற, அன்டூ செய்வதற்கான பழைய நிலைகளையும் ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளும். 8 ஜிபியில் அது டிஸ்க்கைக் கடன் கேட்கத் தொடங்கிவிடும். 16 போதும். வீடியோவும் ஆல்பமும் ஒன்றாகத் திறந்து வைக்கிறவர்களுக்கு அதற்கு மேல் இருந்தால் நல்லது.

வாங்கும்போது தலைமுறை மாறக் கூடாது. டிடிஆர்3எல் 204 முள், டிடிஆர்4 260, டிடிஆர்5 262. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. சாய்வாக நுழைத்து, தங்கநிறக் கோடு மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இருபுறமும் கொக்கி 'டிக்' என்று பிடிக்கும்.

சூடும் உப்பும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருப்பவர்களுக்கும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கும் லேப்டாப்பின் வாழ்க்கை ஒன்றல்ல. எங்கள் சன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகமே அதைச் சொல்லும்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் இரவில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கும் காற்றோடு நுண்ணிய உப்பும் தூசியும் போய் ஒட்டுகின்றன. பகலில் லேப்டாப் சூடாக ஓடும்வரை தொந்தரவில்லை. அணைத்து வைத்த இரவில்தான் அந்த உப்பு நனைந்து மின்சாரம் கடத்தும் படலமாகி, கனெக்டர் முள்ளையும் செம்பையும் அரிக்கிறது. யூஎஸ்பி துளையில் பச்சை நிறம் தெரிந்தால் அது செம்பு அரிக்கப்பட்ட அடையாளம்.

அதனால் வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தபடி மேசையில் விடுவதில்லை. சூடு ஆறியபின், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். கேமராக்காரர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வைத்திருக்கும் அதே பெட்டிதான். நீலநிற ஜெல் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் 120 டிகிரி சூட்டில் உலர்த்தினால் திரும்ப நீலமாகும். சமையல் பாத்திரத்தில் மட்டும் உலர்த்த வேண்டாம், அந்த நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு நச்சு. அரிசிக்குள் வைப்பதால் பயனில்லை, மாவுத்தூள்தான் உள்ளே போகும். ஏசி போட்ட மண்டபத்தில் குளிர்ந்த லேப்டாப்பை வெளியே கொண்டுவந்த உடனே திறக்காதீர்கள். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பாகங்களில் நீராகப் படியும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் கல்யாணம் நடக்காது. ஆடியில் இந்து வீடுகளில் வைப்பதில்லை. அந்த நேரம் கடலும் பொங்கி, சாரல் வீட்டுக்குள்ளேயே வரும். இந்த இரண்டு இடைவெளியிலும் அடிமூடியைத் திறந்து சுத்தம் செய்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்குக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். உலர்ந்த இடத்தில் அது ஊதினால் பறந்துவிடும். இங்கே ஈரத்தோடு அப்பியிருப்பதால் மென்மையான பிரஷ் வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பஞ்சர் கடைக் காற்று வேண்டவே வேண்டாம். அந்த டேங்கில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். ரேமின் தங்க முனையை அழிப்பான் வைத்துத் தேய்ப்பது பல கடைகளில் வழக்கம். அந்தப் பூச்சு மிக மெல்லியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பதே போதும். எறும்புக்கும் கண் வைத்திருங்கள். மழைக்காலத்தில் சூடான இடம் தேடி முட்டையோடு குடியேறிவிடும்.

சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் நாலைந்து வருடத்தில் காய்ந்து பொருக்காகும். இந்த பிராசசர் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறக்கூடியது, அடிப்படை வேகம் 1.6. சூடு 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஏசி இல்லாத அறையில் சித்திரை மாதம் ஒரு மணி நேரப் படத்தை எக்ஸ்போர்ட் போட்டால் இது கண்ணுக்குத் தெரியும். ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்களில் 1, 2, 3 என்று எண் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1-லிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்டை ஆல்கஹாலால் முழுதாகத் துடைத்து, சிப்பின் முகம் மூடும் அளவுக்கு மெல்லியதாகப் புதியது போட்டால் போதும். பக்கத்தில் கிராபிக்ஸ் நினைவகத்தின்மேல் தெர்மல் பேட் இருந்தால் அதைக் கிழிக்காமல் எடுத்து அப்படியே வையுங்கள். பேடின் தடிமன் மாறினால் ஹீட்சிங்க் சரியாக உட்காராது.

விளக்கு எரியும் கூலிங் பேடுக்குக் காசு போடாதீர்கள். பின் விளிம்பை இரண்டு விரற்கடை தூக்கி வைக்கும் மரச்சட்டமே போதும். ஆல்பம் வேலை மட்டும் இருக்கும் நாட்களில் பவர் ஆப்ஷனில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் டர்போ (அடிப்படைக்கு மேல் ஏறும் வேகம்) நின்று, லேப்டாப் குளிர்ந்து, ஃபேன் சத்தமும் அடங்கும்.

திரை

இந்த விலை லேப்டாப்களின் பெரிய குறை இதுதான். பெட்டியில் 'ஃபுல் எச்டி' என்று மட்டும் இருக்கும். நிற வீச்சு 45 சதவீத என்டிஎஸ்சிதான் என்பதை எழுத மாட்டார்கள். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அளவுகோலில் உள்ள நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் இதில் காண முடியும். அரக்குச் சிவப்புப் பட்டுச்சேலை செங்கல் நிறமாகத் தெரியும். அதைப் பார்த்து நிறத்தை ஏற்றினால் பிரிண்டில் மணப்பெண்ணின் முகமே சிவந்துபோகும். என் பழைய திரை டிஎன் வகை. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

வழி இரண்டு. எஸ்ஆர்ஜிபி முழுதாகக் காட்டும், கோணம் மாறினாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் மானிட்டரை எச்டிஎம்ஐயில் இணைக்கலாம். வீட்டில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் சரி, நானும் அதைத்தான் செய்தேன். வெளியூர் போய் அங்கேயே படம் காட்டுகிறவர்கள் பேனலையே மாற்றலாம். ஃபுல் எச்டி 60 ஹெர்ட்ஸ் பேனல்களில் பெரும்பாலானவை 30 முள் இடிபி கனெக்டர். பழைய பேனலின் முதுகில் உள்ள மாடல் எண், கனெக்டர் எந்த மூலையில் இருக்கிறது, பக்கவாட்டில் ஸ்க்ரூ போடும் காது உண்டா இல்லையா, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். '72 சதவீத என்டிஎஸ்சி' என்று கேட்டு வாங்குங்கள். எது வாங்கினாலும் முதல் ஆல்பத்துக்கு முன் உங்கள் லேபில் ஒரு ஷீட் சோதனைப் பிரிண்ட் எடுத்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

பேட்டரி, கறண்டு

கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு பேட்டரி ரிப்போர்ட் கேட்டால் (powercfg /batteryreport), முதலில் இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் மில்லிவாட்-மணியில் வரும். பாதிக்கு அருகில் வந்துவிட்டால் மாற்றுங்கள். பகுதி எண்ணும் வோல்டேஜும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். டச்பேட் புடைத்தாலோ மூடி சரியாக மூடவில்லை என்றாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அன்றோடு அதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள், குத்தவோ அமுக்கவோ கூடாது. எப்போதும் சார்ஜரில் இருக்கும் லேப்டாப் என்றால், கம்பெனியின் மென்பொருளில் சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள்.

மலைப்பக்கம், குலசேகரம், பேச்சிப்பாறை பகுதியில் இருக்கிறவர்கள் மாலை இடிமழைக்குச் சார்ஜரை மட்டும் கழற்றினால் போதாது. இணையக் கேபிள், மானிட்டர் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். லேப்டாப்பின்மேல் கையை வைத்தால் உடம்பு கூசுகிற மாதிரி இருந்தால் பிளக்பாயிண்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

மாற்ற முடியாதது

பிராசசரும் கிராபிக்ஸும் பற்றவைத்தவை. எம்எக்ஸ்150-ல் கணக்குப் போடும் 384 கூடா கோர் இருக்கிறது, எஃபெக்ட்டுக்கு உதவும். ஆனால் வீடியோவை என்கோட் செய்யும் என்வென்க் பகுதி அந்தச் சிப்பில் கிடையாது. பல பேர் 'என்விடியா இருக்கே' என்று எக்ஸ்போர்ட் அமைப்பில் அதைத் தேடிக் கொண்டிருப்பார்கள். தேட வேண்டியது இன்டெல் கிராபிக்ஸில் உள்ள என்கோடிங் பகுதியான குவிக் சிங்க்கை. எடிட்டிங் சாஃப்ட்வேர்களான எடியஸிலும் பிரீமியரிலும் அது இருக்கிறது. எக்ஸ்போர்ட்டில் ஹார்டுவேர் என்கோடிங்கைத் தேர்ந்தெடுத்தால் எச்.264 ஃபைல் வெகு சீக்கிரம் வெளியே வரும். பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ இன்டெல் கிராபிக்ஸை அணைத்து வைத்திருந்தால் இது வராது. இன்டெல் டிரைவரைப் புதுப்பித்து வையுங்கள்.

முதலில் சொன்ன வெட்டி வெட்டி வரும் காட்சிக்கு வருகிறேன். புதிய கேமராக்களில் நிறத்தைக் கூடுதல் விவரமாகப் பதியும் 10 பிட் 4:2:2 என்று ஒரு வகை உண்டு. 8ஆம் தலைமுறை இன்டெல் 10 பிட் எச்.265-ஐ 4:2:0 வகையில் ஹார்டுவேரில் படிக்கும்; 4:2:2 வகையைப் படிக்காது. பாரம் முழுக்க பிராசசர் தலையில் விழும். எவ்வளவு ரேம் போட்டாலும் இது மாறாது. ப்ராக்ஸி, அதாவது காட்சியின் எளிய நகல் போட்டு, அந்தச் சின்ன ஃபைலில் எடிட் செய்து, கடைசியில் மூல ஃபைலோடு இணைத்து எக்ஸ்போர்ட் செய்வதுதான் வழி. ராத்திரி ப்ராக்ஸி போட விட்டுவிட்டுப் படுத்தால் வெள்ளனே வேலையைத் தொடங்கலாம். தினமும் இந்த வகைக் காட்சி, மூன்று நான்கு கேமரா என்று வேலை வளர்ந்துவிட்டவர்கள் பழையதில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம், புதிது வாங்குங்கள். வாங்கும்போது ரேம் ஸ்லாட், இரண்டு எம்.2 இடம், எஸ்ஆர்ஜிபி முழுமையாகத் தரும் திரை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

வைஃபை கார்டும் மாற்றலாம். இந்தத் தலைமுறைக்கு இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 சேரும். 201, 211 சேராது, அவை புதிய பிராசசர்களுக்கானவை. ஆன்டெனா வயர் முனை மிகச் சின்னது, நேராக வைத்து அமுக்க வேண்டும். சில கம்பெனி லேப்டாப்கள் வேறு கார்டை ஏற்காது. மேனுவலில் அனுமதித்த கார்டுகளின் பட்டியல் இருக்கும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். 2.5 அங்குல யூஎஸ்பி 3.0 உறை வாங்கி அதற்குள் போட்டால் பேக்கப் டிரைவ் ஆகிவிடும். வாடிக்கையாளர் பென்டிரைவும் ஆல்பமும் வாங்கிப் போகும்வரை மூலக் காட்சிகளின் இரண்டாவது பிரதி என்னிடம் அதில் இருக்கும். எஸ்எஸ்டியின் ஆயுளைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரிலேயே இதன் நிலையையும் பார்க்கலாம். 'காஷன்' என்று மஞ்சளாகக் காட்டினால் அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

பார்ட்ஸ் வாங்க நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும்போது வாயால் விவரம் சொல்லாமல், லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கர், பழைய ரேமின் ஸ்டிக்கர், பேட்டரியின் பகுதி எண், எம்.2 ஸ்லாட் நான்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பில்லில் பொருளின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள். எஸ்எஸ்டியோ பென்டிரைவோ வாங்கி வந்த அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை சாஃப்ட்வேரைப் போட்டு முழுக் கொள்ளளவும் உண்மையா என்று பாருங்கள். போலி டிரைவ் 1 டிபி என்று காட்டும். கொஞ்சம் நிரம்பியதும் பழைய ஃபைலின்மேலேயே எழுதத் தொடங்கும். அந்தச் சோதனை முடியும்வரை கேமரா கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டாம்.